டிங்கி கிருமி மாறுகிறது என்று பேசும்போது

"டிங்கி மாறிக்கிட்டே இருக்கு" என்று கோலாலம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மாற்றம் வேறு, பன்மை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, வருஷம் போகப் போகக் கிருமியின் மரபுப் பன்மை (ஒரே நேரத்தில் எத்தனை விதமான கிருமிகள் சுற்றுகின்றன என்பது) பெருகிக்கொண்டே போகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நடப்பதில்லை.

டிங்கியின் மரபுத்தொகுதி, அதாவது கிருமியின் முழு மரபுக் குறிப்பு, சுமார் 10,700 எழுத்துகள் நீளமுள்ள ஆர்என்ஏ. அதைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவரின் இரத்தத்திலேயே லேசாக மாறுபட்ட படிகள் ஏராளமாக இருக்கும். அவரை ஏடிஸ் கொசு கடித்தால், உறிஞ்சிய கிருமிகளில் கொஞ்சம்தான் அதன் குடற்சுவரைத் தாண்டும். அவற்றிலும் சில மட்டுமே உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேரும். அடுத்த ஆளுக்குள் நுழைவது அந்தச் சில்லறைதான், மீதிப் பன்மை கொசுவோடு போச்சு. ஊர் அளவிலும் இதே கதை: நோயாளிகள் குறையும் மாதங்களில் பல கிளைகள் (ஒரே மூதாதையிலிருந்து வந்த கிருமிக் கூட்டங்கள்) அழிந்துவிடும், அப்புறம் தப்பிய ஒன்றிரண்டு பரவும்.

சரி, தப்பியது வீரியமானதா? உடனே அப்படி முடிவுகட்டாதீர்கள். சில சமயம் ஆமாம். பல சமயம், நெரிசலான ஒரு ஃபிளாட்டுக்குள் சரியான நேரத்தில் நுழைந்த அதிர்ஷ்டம் மட்டுமே. கிருமிக்குத் திட்டமெல்லாம் கிடையாது.

"எனக்கு டிங்கி வந்து போச்சு, இனிமே வராது" என்பதைக் கேட்டால் எனக்குப் பதறும். டிங்கியில் நான்கு வகை உண்டு. ஒன்று வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு; வேறு வகை இரண்டாவதாகத் தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். திடீரென்று தலைதூக்கும் வகை புதிதாகப் பிறந்ததாகவும் இருக்க வேண்டியதில்லை. சில வருஷம் ஒதுங்கியிருந்த பழைய வகை, எதிர்ப்புசக்தி இல்லாதவர்கள் பெருகியதும் திரும்பி வரும்.

கிருமியின் பன்மையைக் காட்டும் வரைபடங்களைப் பார்க்கும்போது, எத்தனை மாதிரிகள், யாரிடமிருந்து என்று முதலில் கேளுங்கள். ஒரு வருஷம் 20 மாதிரிகளின் மரபுத்தொகுதியையும் அடுத்த வருஷம் 200 மாதிரிகளின் மரபுத்தொகுதியையும் படித்துவிட்டு, பன்மை கூடிவிட்டது என்று சொல்வது தப்பு. அதிகம் தேடினால் அதிகம் கிடைக்கும். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையாக்கி ஒப்பிட வேண்டும். நகர ஆஸ்பத்திரிகளில் கிடைப்பதே முழு மலேசியா என்றும் எண்ண வேண்டாம். காட்டிலும் டிங்கி உண்டு: 2008-இல் இங்கே ஒரு நோயாளியிடம் கண்டுபிடித்த இரண்டாம் வகை டிங்கி, நம் காட்டுக் குரங்குகளிடையே சுற்றிவரும் கிளையைச் சேர்ந்தது.