ஒரே இழையில் இணையமும் லேண்ட்லைனும்: சென்னை வீட்டில் ஃபைபர் இணைப்பு பெறும் வழி

மேற்கு மாம்பலத்தில் அம்மா தனியாக இருக்கிறார். கைபேசியைத் தொட்டால் ஏதாவது திறந்துகொள்ளும் என்று பயம். லேண்ட்லைன் என்றால் கை தானாகப் போகும். பழைய செம்புக் கம்பி இணைப்பை ஃபைபருக்கு மாற்றிய மறு வாரம், ஒரு மழை இரவில் மின்சாரம் போனது. தொலைபேசியும் கூடவே ஓய்ந்துவிட்டது. அம்மா எடுக்கவில்லையே என்று அடையாறிலிருந்து ஓடிவந்தேன். அந்தப் பதைப்பு உங்களுக்கு வேண்டாம்.

காரணம் எளிது. செம்புக் கம்பியில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் குரலோடு சேர்ந்தே வந்தது. ஃபைபர் என்ற கண்ணாடி இழையில் வருவது வெறும் ஒளி. அதைப் பேச்சாகவும் இணையமாகவும் பிரித்துத் தருவது வீட்டில் மாட்டும் மோடம் பெட்டி. அதற்கு மின்சாரம் இல்லையென்றால் இரண்டும் இல்லை.

படி 1: எண்ணைப் பற்றி முதலில் பேசுங்கள்

நிறுவனத்தை மாற்றினாலும் கைபேசி எண்ணை வைத்துக்கொள்ளலாம். லேண்ட்லைனுக்கு அந்த வசதி நம் நாட்டில் இல்லை. இருபது வருடமாக உறவினர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் 044 எண் வேண்டுமென்றால், அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறுங்கள். பழைய எண்ணே வரும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

படி 2: வீட்டுக்குள் வருவது எது?

சில அடுக்ககங்களில் ஃபைபர் மாடிப்படி அருகிலுள்ள ஒரு பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள்தான் வரும். அந்தப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். எனவே இழையே வீட்டுக்குள் வருமா என்று கேளுங்கள்.

பிளான் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 100 எம்.பி.பி.எஸ். வேகம் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், நான்கு பேர் உள்ள வீட்டுக்குத் தாராளம். விளம்பரத் தொகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்.

படி 3: இணைப்பு கொடுக்கும் நாள்

லைன்மேன் வேலை செய்யும்போது பக்கத்திலேயே இருங்கள். கேபிளின் உறையை உரித்தால் உள்ளே தலைமுடி பருமனில் ஒரு கண்ணாடி இழை இருக்கும். அதை வெட்டும்போது தெறிக்கும் துணுக்கு கண்ணுக்கே தெரியாது, ஆனால் காலில் ஏறும். துணுக்குகளை டேப்பில் ஒட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். இழையின் முனையை உற்றுப் பார்க்கக் கூடாது. அதில் வருவது கண்ணுக்குப் புலப்படாத ஒளி.

கேபிளைக் கதவு இடுக்கில் நசுக்கவோ, சுவர் மூலையில் மடித்து ஆணி அடிக்கவோ விடாதீர்கள். கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்து வேகம் குறையும். வெளியே மரக்கிளையில் கட்டவும் விடாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை மரங்கள் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மோடம் பெட்டியில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அது அணைந்து, 'பான்' (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தபின் லைன்மேனை அனுப்புங்கள்.

படி 4: தொலைபேசி

பெட்டியின் பின்புறம் லேன் துளைகளைவிடச் சிறியதாக ஒரு துளை இருக்கும். பழைய தொலைபேசியின் வயர் அதில் பொருந்தும். கார்ட்லெஸ் வேண்டாம், அதன் அடித்தட்டுக்கும் மின்சாரம் தேவை. சுருள் வயர் போட்ட சாதாரணத் தொலைபேசிதான் நல்லது. கைபேசிகளை அழைக்க எண்ணுக்கு முன் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் அதுதான் விதி. அம்மாவின் தொலைபேசி மேல் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

படி 5: மினி யு.பி.எஸ்.

மின்சாரம் போனாலும் மோடம் பெட்டியை ஓடவைக்கும் சிறு பேட்டரி இது. பெட்டியின் அடாப்டரைத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்றிருக்கும் வரியைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் என்றிருக்கும். ரிச்சி தெருவில் ரூட்டர் யு.பி.எஸ். என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வோல்ட் அச்சாக அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. பின்னின் பருமனும் பொருந்த வேண்டும் என்பதால் அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 6: வைஃபை

பெட்டியை டி.வி.க்குப் பின்னால் ஒளிக்காமல், வீட்டின் நடுவில் தலை உயரத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டத் திணறும். தள்ளி இருக்கும் அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். லைன்மேன் வைத்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

படி 7: சோதனை

யு.பி.எஸ். முழுதும் சார்ஜ் ஏறியபின், வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்விசிறி நிற்கட்டும். உங்கள் கைபேசியிலிருந்து 044 சேர்த்து வீட்டு எண்ணை அழையுங்கள். இருட்டில் மணி அடிக்க வேண்டும். அடித்ததும் அம்மாவையே எடுத்துப் பேசச் சொல்லுங்கள்.