மலைத்தோட்டத்துக் கல் ரோட்டில் சைக்கிள்: புதியவர்களுக்கான முதல் சவாரி

பஸ்ஸும் லொறியும் முட்டி மோதும் கண்டி வீதிகளில் சைக்கிள் ஓட்டப் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீதிகளுக்கு மேலே, தேயிலை மலைகளின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, வாகனம் அரிதாகவே வரும் கல் ரோடுகள் நீண்டு கிடக்கின்றன. எப்போதாவது ஒரு கொழுந்து லொறி, ஒரு முச்சக்கரவண்டி. மற்றபடி நடந்து போகிறவர்கள்தான்.

இந்த ரோடுகள் சைக்கிளுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. முதலில் கோப்பிக்காகவும், 1869இல் மடுல்சீமையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைச் சாய்த்த பிறகு தேயிலைக்காகவும் வெட்டப்பட்டவை இவை. சுமையோடு மாட்டுவண்டி ஏற வேண்டும் என்பதால், பல இடங்களில் மலையை நேராகப் பிளக்காமல், சுற்றிச் சுற்றி ஏறும்படி சரிவைத் தணித்து அமைத்தார்கள். அப்படி மண் வெட்டிக் கல் சுமந்தவர்கள் நம் முன்னோர்; தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். அந்த வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். மூச்சு முட்டாமல் நீங்கள் ஏறப்போகும் ஒவ்வொரு வளைவும் அவர்களுடைய உழைப்பு. அதை அறிந்து ஓட்டுகிறவர்கள் பெருக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: பாதை

முதல் சவாரிக்கு ஹந்தானையிலிருந்து கலஹா போகும் வழியைப் பரிந்துரைக்கிறேன். ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மலையகத்தில் 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீக்கோ ட்ரெயில் என்ற நடைவழியின் முதல் கட்டம் இது. நடப்பவர்களுக்காக அமைந்த வழி என்பதை மறக்கக் கூடாது. சில துண்டுகள் ஒற்றையடிப் பாதைதான். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தொடங்கும் இடம் இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை அது. பத்தாண்டுகளுக்கு மேல் கைவிடப்பட்டுக் கிடந்த கட்டடத்தைப் புதுப்பித்து 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கொழுந்தை உருட்டிய பழைய இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் பற்றிய பொருட்களையும் அங்கே பார்க்கலாம். நேரமிருந்தால் ஒரு மணிநேரம் உள்ளே செலவிடுங்கள். பிறகு வெளியே காணும் ஒவ்வொரு ரோடும் ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். சுற்றியுள்ள மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. தேயிலை கைவிடப்பட்ட சரிவுகளில் இப்போது பைனஸ் மரங்களும் புல்லும் காட்டுச் செடிகளும் நிற்கின்றன.

கண்டி நகரிலிருந்து அருங்காட்சியகத்துக்கு ஏறும் தார் வீதி செங்குத்தானது. முதல் நாளில் உங்கள் பலத்தை அங்கே கரைக்க வேண்டாம். வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவதே நல்லது.

படி 2: சைக்கிள்

கல் ரோட்டுக்கென்றே செய்த, விலையுயர்ந்த கிரேவல் சைக்கிள் தேவையில்லை. கியருள்ள சாதாரண மலை சைக்கிள் போதும். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டயர் குறைந்தது 40 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். முன்பக்கத்தின் மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு இணையாகவோ அதைவிடப் பெரிதாகவோ பின்பக்கத்தில் ஒரு பற்சக்கரம் இருக்க வேண்டும். முன்னால் 32 பற்கள் என்றால் பின்னால் 34 இருந்தால் பெரும்பாலான ஏற்றங்களைப் பொறுமையாக ஏறிவிடலாம். கியர் இல்லாத கனமான சைக்கிளை இந்த வழிக்குக் கொண்டுவர வேண்டாம். டிஸ்க் பிரேக் இருந்தால் நிம்மதி. ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக் ஈரத்தில் வலுவிழக்கும்.

பையில் மாற்று டியூப், காற்றுப் பம்பு, டயர் கழற்றும் கருவி, இரண்டு லீட்டர் தண்ணீர், மழைச் சட்டை. தலைக்கவசம் இல்லாமல் புறப்படவே வேண்டாம்.

படி 3: காற்று

புதியவர்கள் பலர் டயரைக் கல்லுப்போல அடித்துக்கொண்டு வருவார்கள். தார் வீதிக்கு அது சரி. கல் ரோட்டில் அந்த டயர் ஒவ்வொரு சரளையிலும் துள்ளி, பிடிப்பை இழந்து, மணிக்கட்டை நோகவைக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, 40 முதல் 45 மில்லிமீட்டர் டயரில், டியூபோடு 35 முதல் 40 பி.எஸ்.ஐ. (பம்பு காட்டும் காற்றழுத்த அலகு) அளவில் தொடங்கலாம். பின் டயருக்கு இரண்டு மூன்று கூடுதலாக வையுங்கள். அதற்கும் கீழே இறக்கினால் கூர்மையான கல்லில் ரிம் இடித்து டியூப் கிழியும்.

படி 4: ஏறுதல்

ஏற்றம் வந்த பிறகு கியரை மாற்றாதீர்கள். ஏற்றத்தைக் கண்டதுமே மாற்றுங்கள். இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால் பின்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்து சரளையில் வழுக்கும். உட்கார்ந்தபடியே, முழங்கையை மடக்கி, நெஞ்சைச் சற்று முன்னே சாய்த்து, ஒரே சீராக மிதியுங்கள். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

படி 5: இறங்குதல்

விழுகிறவர்கள் அநேகமாக இறக்கத்தில்தான் விழுகிறார்கள். ஆகவே இதைப் புறப்படுவதற்கு முன்பே ஒரு மைதானத்திலோ சிறு சரிவிலோ பத்துப் பதினைந்து தடவை பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டு பெடல்களும் தரைக்கு இணையாக, ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, இடுப்பைப் பின்னே தள்ளுங்கள். முழங்கையும் முழங்காலும் தளர்வாக மடங்கியிருக்க வேண்டும். விறைத்துப் பிடித்தால் ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் தோளுக்கு ஏறும். ஒவ்வொரு கையிலும் ஒரு விரலோ இரண்டு விரல்களோ பிரேக்கில், மற்றவை கைப்பிடியில்.

வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கை இறுக்கினால் சரளை முன்சக்கரத்தைப் பறித்துவிடும். பின் பிரேக்கை அழுத்திச் சறுக்கிக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். அந்தச் சறுக்கல் ரோட்டில் கோடு கிழிக்கும், அடுத்த மழைநீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே அரிக்கும். இரண்டு பிரேக்கையும் மெதுவாக, விட்டு விட்டு அழுத்துங்கள்.

கண் எங்கே பார்க்கிறதோ சைக்கிள் அங்கே போகும். முன்சக்கரத்துக்கு அடியில் கிடக்கும் கல்லைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பத்து மீட்டருக்கு முன்னே பாருங்கள். ரோட்டைக் குறுக்கே வெட்டும் கான்களை (மழைநீர் வடிகால்களை) எப்போதும் நேர்செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்ந்து கடந்தால் சக்கரம் கானுக்குள் சிக்கிக்கொள்ளும். பாசி பிடித்த கல் பாவிய துண்டுகள் வந்தால் பிரேக்கைத் தொடாமல் நேராக உருண்டு போங்கள், அல்லது இறங்கி நடங்கள். நடப்பதில் வெட்கமில்லை.

படி 6: தோட்டத்துக்குள் நடந்துகொள்ளும் முறை

கார் இல்லாத ரோடு என்பதால் ஆள் இல்லாத ரோடு என்று எண்ணிவிடாதீர்கள். இது மக்கள் வேலை செய்யும் இடம், லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் இடம். ரோட்டின் அரசன் சைக்கிளோட்டி அல்ல. முதல் உரிமை கொழுந்துச் சாக்கைச் சுமந்து நடப்பவருக்கு, அடுத்தது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு, பிறகு நடைவழிப் பயணிகளுக்கு. நாம் கடைசி.

கொழுந்து நிறுக்கும் நேரத்தில், அதற்கான கொட்டகையான மடுவத்தருகே கூட்டமாக இருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்து போங்கள். லயத்துக்கு முன்னால் நடக்கிற வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். வாசலில் சிறுபிள்ளைகள் விளையாடுவார்கள், நாய்கள் துரத்தும். நாய் வந்தால் வேகத்தைக் கூட்டாமல் இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

"வணக்கம் அக்கா, இந்த ரோடு கலஹாவுக்குப் போகிறதா?" என்று கேளுங்கள். வழியோடு சேர்த்து, எந்த மலையில் மருந்து அடித்திருக்கிறார்கள், எங்கே குளவிக்கூடு இருக்கிறது என்பதையும் சொல்வார்கள். குளவி என்ற சொல்லைக் கேட்டால் உடனே திரும்பிவிடுங்கள். தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி உயிரிழந்திருக்கிறார்கள்; விளையாட்டான விஷயமல்ல.

கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். கூடையோடு நிற்கும் பெண் காட்சிப்பொருள் அல்ல, வேலையில் இருக்கும் ஒருவர். தேயிலை நிரைகளுக்குள் சைக்கிளை இறக்க வேண்டாம். பிரதான வழியை விட்டுத் தோட்டத்தின் வேறு டிவிஷனுக்குள் (பிரிவுக்குள்) போவதென்றால் தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.

ஞாயிறு காலை புதியவர்களுக்கு நல்ல நேரம். பெரும்பாலும் கைக்காசு வேலை (காசுக்குக் கூடுதலாகக் கொழுந்து பறிப்பது) மட்டுமே நடக்கும் என்பதால் லொறிப் போக்குவரத்தும் குறைவு.

படி 7: காலநிலை

கண்டிப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை சிறந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. அந்த மாதங்களில் அட்டைக்கடியும் கூடவே வரும். ஜூலை, ஓகஸ்டில்தான் விடுமுறை என்றால் ஊவாப் பக்கம், ஹப்புத்தளை, பண்டாரவளைக்குப் போங்கள். அங்கே அப்போது வறண்ட காற்று வீசும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள மாவட்டத்தில் சவாரியே வேண்டாம். எந்தப் பருவத்திலும் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

படி 8: திரும்புதல்

கலஹா சிறு நகரம். தேநீரும் ரொட்டியும் கிடைக்கும். அங்கிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாக இறங்கும் கலஹா வீதி தார் வீதி, பஸ் ஓடும் வீதி. உடம்பில் தெம்பும் வாகனங்களோடு ஓட்டிய பழக்கமும் இருந்தால் அதில் இறங்கலாம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேனை முன்கூட்டியே கலஹாவுக்கு வரச் சொல்லிவிடுங்கள். தார் வீதியில் இறங்குகிறவர்கள் டயருக்கு மறுபடி காற்று அடித்து, பிரேக் கட்டைகளில் ஒட்டிய மண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே புறப்பட வேண்டும். அடுத்த கட்டமான லூல்கந்துர வழி இதைவிடக் கடினமானது. இந்த வழியின் எல்லா இறக்கங்களையும் கட்டுப்பாட்டோடு கடக்க முடிந்த பிறகு அங்கே போங்கள்.