அம்மம்மாவின் குரலில் மூன்று நிமிடம்: பல்லூடகச் செயற்றிட்டம் செய்யும் மாணவருக்கு

திருகோணமலை மாணவரிடம் பல்லூடகச் செயற்றிட்டம் கேட்டால் கோணேசர் கோவில், புறாத்தீவு, கன்னியா ஆகிய மூன்றில் ஒன்று வரும். பின்னணியில் புல்லாங்குழலும் வரும். இணையத்தில் எடுத்த படங்களை வரிசையாக ஓடவிட்டால் அது விளம்பரம். கதைக்கு ஒரு மனிதரும் அவருடைய குரலும் வேண்டும். அதனால் காணொளி மென்பொருளை இப்போதைக்குத் திறக்க வேண்டாம்.

படி 1: தலைப்பைச் சிறிதாக்குங்கள்

"கன்னியா வெந்நீரூற்று" வெறும் பெயர்ப்பலகை. "அம்மம்மா கன்னியாவுக்குப் போன நாள்" என்று மாற்றுங்கள். அங்கே ஏழு கிணறுகள் இருப்பதும், தாயின் இறுதிக்கிரியைக்காக இராவணன் அவற்றை உண்டாக்கினான் என்ற ஐதீகமும் ஊரறிந்தவை. எந்தக் கிணற்று நீர் அவருக்குச் சுட்டது, வாளியால் ஊற்றியவர் யார், மாற்றுச் சேலையை எதில் சுற்றிக்கொண்டு போனார் என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் உண்டு.

படி 2: நூலகத்துக்குக் கேள்வியோடு போங்கள்

"கன்னியா பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் நூலகர் ஒரு சுற்றுலாக் கையேட்டை நீட்டுவார், அவர்மேல் பிழையில்லை. "அம்மம்மாவின் சிறுவயதில் கிணற்றடி எப்படி இருந்தது, பழைய படம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். நூல்களை எண்ணால் வகைப்படுத்தும் தூயி முறையில் இலங்கை வரலாற்றுக்குரிய எண் 954.93, அந்தத் தட்டிலிருந்து தொடங்கலாம். கும்பாபிஷேக மலர்களையும் பழைய பாடசாலை மலர்களையும் தட்டிப் பாருங்கள், ஊர்ப்படங்கள் அவற்றில்தான் ஒளிந்திருக்கும். வீட்டிலிருந்தே தேட, 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாக உண்டு.

நினைவில் ஆண்டுகள் இடம் மாறும். தாத்தா "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்" என்றால் அது 1942. திருகோணமலைத் தாக்குதல் ஏப்ரல் 9 அன்று நடந்தது. சரிபார்த்த நூலின் பெயரையும் பக்கத்தையும் அப்போதே குறித்துவையுங்கள்.

படி 3: குரலைப் பதியுங்கள்

இதில்தான் அதிகம் கெடும். ஒருமுறை கச்சான் காற்று வீசும் நாளில் உப்புவெளிக் கடற்கரையில் ஒரு மீனவரை அரை மணி நேரம் பதிவுசெய்தேன். வீட்டில் கேட்டபோது காற்றுத்தான் பேட்டி கொடுத்திருந்தது. ஆகவே, உள்ளறை. மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. கைத்தொலைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடித்த துவாயின்மேல் வையுங்கள். அம்மம்மா பேசத் தொடங்குமுன் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் பதியுங்கள்.

அந்தப் பத்து விநாடி பின்னால் உதவும். இலவச மென்பொருளான ஒடாசிட்டியில் அந்தப் பகுதியை மட்டும் தெரிவுசெய்து, இரைச்சல் குறைப்பில் மாதிரியாகக் கொடுங்கள். பிறகு முழுப் பதிவையும் தெரிவுசெய்து அதே கருவியை இயக்கினால் தொடர்ந்து கேட்கும் இரைச்சல் அடங்கும். அதிகம் குறைத்தால் அம்மம்மா தகரப் பேணிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். இனி மூன்று நிமிடத்துக்கு வெட்டுங்கள். இருமலை எடுத்துவிடலாம், பெருமூச்சை விட்டுவையுங்கள்.

படி 4: படங்களை அடுக்குங்கள்

காணொளி தொகுக்கும் மென்பொருளான ஷொட்கட் இலவசம், சாதாரணக் கணினியிலும் ஓடும். முதலில் குரலை இடுங்கள், அதற்கேற்பப் படங்களை வையுங்கள். சட்டமிட்ட பழைய படங்களைக் கண்ணாடி கழற்றி, யன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள்.

எல்லாக் கோப்புகளும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். ஷொட்கட்டின் செயற்றிட்டக் கோப்பில் படங்கள் இரா, அவை இருக்கும் இடம் மட்டுமே இருக்கும். அதை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோய் வகுப்பில் விழித்தவர்கள் பலர்.

தமிழ் எழுத்துகளை ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சுச் செய்யுங்கள். பழைய எழுத்துருவான பாமினியில் அடித்ததை ஒட்டினால் "அம்மா" ஆங்கில எழுத்துக் குப்பையாக விழும்.

படி 5: அனுமதி

சினிமாப் பாட்டு வேண்டாம். இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாகப் படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். படம் தேவையென்றால் விக்கிமீடியா பொதுவகத்தில் எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் இறுதித் திரையில் போடுங்கள்.

ஆசிரியருக்குக் கொடுக்குமுன் அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். "அது பெரியண்ணை இல்லை, சின்னண்ணை" என்று ஒரு படத்தைக் காட்டுவார். அதைத் திருத்திவிட்டுக் கொடுங்கள்.