ஃபில்டர் அளவு: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் தொட்டிக்கான ஃபில்டர் பெட்டியில் ‘மணிக்கு 300 லிட்டர்’ என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்பி வாங்கிவிடுகிறோம். பெரும்பாலும் அது ஸ்பாஞ்சும் செராமிக் வளையங்களும் இல்லாமல் வெறும் பம்ப் தள்ளுகிற அளவு. மீடியாவை, அதாவது அந்த ஸ்பாஞ்சையும் வளையங்களையும், நிரப்பி, சில வாரம் அழுக்கும் சேர்ந்துவிட்டால் அந்த வேகம் இருக்காது.

தொட்டியின் கொள்ளளவையும் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 36 என்றால், மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 65 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 55 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். மணிக்கு 4 முதல் 6 தடவை அவ்வளவு தண்ணீரும் ஃபில்டருக்குள் போய் வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 220 முதல் 330 லிட்டர். குறையப்போகும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 400 லிட்டர் ஃபில்டர் பொருந்தும்.

ஆனால் மீனைப் பார்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. தங்கமீன் நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிவு விடும். அதற்கு இன்னும் பெரியதாக எடுங்கள். ஃபைட்டர் மீனுக்கோ பலத்த நீரோட்டம் ஆகாது. நீளத் துடுப்பை இழுத்துக்கொண்டு எதிர்த்து நீந்தியே களைத்துப்போய், கடைசியில் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். அதற்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே போதும். குஞ்சும் இறாலும் உள்ள தொட்டிக்கும் அதுதான் பாதுகாப்பு, உறிஞ்சும் குழாயில் மாட்டிக்கொள்ளாது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது மீடியாவுக்கான இடம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சிலும் வளையங்களிலும்தான் குடியிருக்கின்றன. பம்ப் எவ்வளவு வேகமாக ஓடினாலும் மீடியா ஒரு கைப்பிடிதான் என்றால், தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும்போதே மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். ஒரே வேகமுள்ள இரண்டு ஃபில்டர்களில் மீடியா அதிகம் பிடிப்பதையே எடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரின் மீடியாவைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் பாக்டீரியா செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில் நிறுத்துவதும் கூடாது. சின்ன ஃபில்டரைப் பெரியதாக மாற்றுகிறவர்கள் பழையதை உடனே கழற்றிவிடாமல், 4 முதல் 6 வாரம் இரண்டையும் சேர்த்தே ஓடவிடுங்கள்.