‘வயிற்றுவலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு

இங்கே வந்த முதல் வருடம் எனக்கு மாதாமாதம் கீழ்வயிறு சுருட்டிப் பிடிக்கும். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழ முடியாது. டாக்டரிடம் போய், ஊரில் சொல்வதைப் போலவே ‘வயிற்றுவலி’ என்றேன். கூட வந்த உறவினர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அவர் ஆண். அவர் முன்னால் பீரியட்ஸ் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. வயிற்றுப்புண்ணுக்கான மாத்திரையோடு வீட்டுக்கு வந்தேன். மூன்று முறை இதே கதை.

நான்காம் முறை தனியாகப் போனேன். தொப்புளுக்குக் கீழே கையை வைத்து, “அந்த நாட்களில் மட்டும்தான்” என்றேன். அந்தப் பெண் டாக்டர் கணினியிலிருந்து திரும்பி உட்கார்ந்தார். கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறாய், வேலைக்கு லீவு போடுகிறாயா, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கருப்பையின் உள்வரிச் சவ்வைப் போன்ற திசு வேறு இடங்களில் வளர்வது அது. பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. இந்த நாட்டிலேயே இதைக் கண்டுபிடிக்கச் சராசரியாக எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், சொல்லும் விதத்தால் இன்னும் தாமதமாக வேண்டாம்.

சரி, முதலில் செய்ய வேண்டியது, வீட்டுக்கு அருகிலுள்ள ஜிபி, அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்கில் பதிவு செய்வது. முகவரிச் சான்று, விசா ஆவணம் இல்லாவிட்டாலும் பதிவு செய்ய முடியும். ஜிபியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. விசாவோடு மருத்துவச் சேவைக்கென்று வருடத்துக்கு 1,035 பவுண்ட், மாணவர் என்றால் 776 பவுண்ட், ஏற்கெனவே கட்டித்தான் பெரும்பாலோர் வருகிறோம். தயங்காதீர்கள். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: பெண் டாக்டர் வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கிடையாது, பெரும்பாலும் போன் வழியாகவே பேசுவார்கள். கணவரையோ அண்ணனையோ பக்கத்து வீட்டு அக்காவையோ இந்த வேலைக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஒரு சந்திப்புக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான், போதாது என்றால் இரட்டை நேரம் வேண்டும் என்று கேட்கலாம்.

நம்முடைய வார்த்தைகளில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளைப்படுதலையும் நீர்க்கடுப்பையும் ‘உடம்பு சூடு’ என்று சொல்லி, வெந்தயமும் இளநீரும் குடித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே சூடு என்றால் காய்ச்சல் என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஆகவே கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: என்ன நிறம், தயிர் போலத் திரிதிரியாக இருக்கிறதா, மீன் வாடை அடிக்கிறதா, அரிப்பு உண்டா. தயிர் போல வந்து அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மீன் வாடை என்றால் அது வேறு, மருந்தும் வேறு. மாதவிடாய்த் தேதிகளை மூன்று மாதம் போனில் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பீரியட்ஸ் தள்ளிப் போவது, முகத்தில் முடி, பரு என்று இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு நம் பக்கத்துப் பெண்களிடம் அதிகம்.

அப்புறம் அந்தக் கேள்வி வரும்: “உடலுறவு உண்டா?” கல்யாணம் ஆகாத பெண்ணிடமும் கேட்பார்கள். முதல் தடவை எனக்கு முகம் சூடேறிவிட்டது. ஆனால் அது நடத்தை பற்றிய கேள்வியே இல்லை. கர்ப்பமா என்று பார்க்க வேண்டுமா, கிளமிடியா போன்ற, உடலுறவால் பரவும் தொற்றுக்குச் சோதிக்க வேண்டுமா, ஸ்கேனை எப்படி எடுப்பது, எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்தது. இல்லை என்றால் ஸ்கேனை வழக்கமாக வயிற்றின் மேல்தான் எடுப்பார்கள், சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். உண்டு என்றால் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது அம்மாவுக்கோ கணவருக்கோ கல்லூரிக்கோ போகாது. உங்களுக்கோ இன்னொருவருக்கோ பெரிய ஆபத்து என்றாலோ, சட்டப்படி சொல்லியாக வேண்டும் என்றாலோதான் வெளியே சொல்வார்கள், அதையும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வார்கள். கல்யாணமானவர்களையும் தனியாக உட்கார வைத்து, வீட்டில் பயமில்லாமல் இருக்கிறாயா என்று கேட்பது உண்டு. அடி, மிரட்டல், வற்புறுத்தல் எது இருந்தாலும் அந்த அறையில் சொல்லலாம்.

உள்ளே பரிசோதிக்க வேண்டும் என்றால் முதலில் உங்கள் சம்மதம் கேட்பார்கள். துணைக்கு ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வலித்தால் நடுவில் நிறுத்தச் சொல்லலாம்.

ஜிபியிடம் பேசக் கூச்சமாக இருந்தால் பாலியல் நலக் கிளினிக் இருக்கிறது. ஜிபி கடிதம் தேவையில்லை. தொற்றுச் சோதனையும் அதற்கான சிகிச்சையும் எந்த விசாவில் இருந்தாலும் இலவசம். கிளமிடியா பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, கவனிக்காமல் விட்டால் கருக்குழாயைப் பாதிக்கும். கருத்தடை மாத்திரைக்கும் பணம் இல்லை. ஆணுறை கிழிந்துவிட்டது போன்ற அவசரத்துக்கான மாத்திரை 2025 அக்டோபரிலிருந்து பார்மசியிலேயே இலவசம். ஒருவகை மூன்று நாளுக்குள், இன்னொன்று ஐந்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சாதாரண நீர்க்கடுப்புக்கும் 16 முதல் 64 வயதுப் பெண்களுக்குப் பார்மசிஸ்ட்டே மருந்து தருவார்.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்து, கீழ்வயிற்றில் ஒரு பக்கம் கடுமையாக வலித்து, தலை சுற்றினாலோ தோள்பட்டை நுனி வலித்தாலோ உடனே ஆம்புலன்ஸ் எண் 999-ஐ அழையுங்கள். கரு, கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். காய்ச்சலோடு கீழ்வயிற்று வலியும் வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஜிபியைப் பாருங்கள், கிடைக்காவிட்டால் மருத்துவ ஆலோசனை எண் 111-ஐ அழையுங்கள். உறவுக்குப் பிறகோ இரண்டு பீரியட்ஸுக்கு நடுவிலோ இரத்தம் பட்டால் அதுவாக நிற்கட்டும் என்று விடாமல் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

25 வயதை நெருங்கும்போது கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வீட்டுக்குக் கடிதம் வரும். என் தங்கையின் கடிதத்தை, கல்யாணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு என்று அம்மா எடுத்து வைத்துவிட்டார்கள். தேவையா இல்லையா என்று அவளே நர்ஸிடம் பேசி முடிவு செய்யட்டும் என்று வாங்கிக் கொடுத்தேன். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியை ஊரில் போடாமல் வந்திருக்கலாம். பெண்களுக்கு 25வது பிறந்தநாளுக்கு முன் இலவசமாக ஒரு டோஸ் கிடைக்கலாம். பதிவு செய்யும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.