சாட்ஸ்வொர்த் வீட்டுத் தகராறைக் குறும்படமாக எழுத நினைப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கள் சங்கத்து ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இப்போது பையன்களோடு சேர்ந்து போனிலேயே குறும்படம் எடுக்கிறேன். "அப்பா தவறின பிறகு வீட்டுக்காக அடித்துக்கொள்ளும் கதை, எங்கே தொடங்குவது அங்கிள்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: உயிலில் தொடங்குங்கள். வில்லன் தேடி அலைய வேண்டாம்.

வீட்டுக்கு ஒரு பூர்வீகம் கொடுங்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் இந்தியர்களைக் கிளப்பினார்கள். மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் இருந்த மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்களும் அறுபதுகளில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்து சேர்ந்தன. அப்படி வந்த தாத்தாவுக்கு வீடு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அவர் வாயால் சொல்ல வைத்தால் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

இனி முடிச்சு. இந்த நாட்டில் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ, அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் எழுதிவைத்த சொத்து சேராது. சரி, இதைக் கதையில் வையுங்கள். கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டவன் மகன். வீடு அவனுக்கே என்று உயில். அன்று சாட்சிக்கு ஆள் இல்லை; பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த மருமகள் இன்னொருவர். மாமனார் பேனாவை நீட்டுகிறார், போடுகிறாள். அந்த ஒரு கையெழுத்தால் முழு வீடும் புருஷன் கையைவிட்டுப் போகிறது. மகன் என்பதால் உயிலே இல்லாதிருந்தால் வந்திருக்கும் பங்கு அளவுக்கு மட்டும் கிடைக்கும். அம்மா முன்பே போய்விட்டார், இரண்டு அக்காமார் என்றால் மூன்றில் ஒன்று. மோசடியோ வற்புறுத்தலோ இல்லை என்று நீதிமன்றம் ஏற்றால் முழுதும் கிடைக்கலாம். ஆனால் அதற்கு அவன் கோர்ட்டில் போய், "என் மனைவி அப்பாவை வற்புறுத்தவில்லை" என்று நிரூபிக்க வேண்டும், அக்காமார் முன்னால். இதைவிடப் பெரிய காட்சியை யாராலும் கற்பனை பண்ண முடியாது என்பது என் அபிப்பிராயம்.

வேறு முடிச்சு வேண்டுமா? கோயிலில் தாலி கட்டி, பதிவு பண்ணாத கல்யாணம். உயில் எழுதாமல் புருஷன் போனால், மனைவிக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்கு 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் உண்டு என்றது. அதை அறியாத மாமியாரை எழுதிப் பாருங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக மூட்டையைத் தெருவில் வீசும் காட்சி மட்டும் வேண்டாம். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது என்று நம் அரசியல் சட்டமே சொல்கிறது. வீசுவதாகவே காட்டினால், அடுத்த காட்சியில் போலீஸோ வக்கீலோ வரவேண்டும்.

இழப்பைக் காட்ட அழுகை குறைவாகவே போதும். கருமாதி முடிந்த மறுநாள் அக்காமார் அடுப்படியில் பாத்திரம் பிரிக்கட்டும். குத்துவிளக்கு யாருக்கு என்பதில் குரல் உயராது. பொங்கல் வைக்கும் பித்தளைப் பானையில் உயரும். அடிப்பக்கம் கரி பிடித்து, ஒரு காது நசுங்கிய பானை. பெரியவள், "எடுத்துக்கோ, எனக்கெதுக்கு" என்று சொல்லிக்கொண்டே கையை அதிலிருந்து எடுக்காமல் நிற்கட்டும். கேமரா கையிலேயே இருக்கட்டும், முகத்துக்குப் போகாதீர்கள்.

வசனத்தில் பெரியவர்கள் தமிழிலும் பிள்ளைகள் இங்கிலீஷிலும் பேசட்டும், நம் வீடுகளில் அப்படித்தானே. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடாக இருந்தால் மழை நாளில் ஒலிப்பதிவு வேண்டாம், ஒரு சொல் கேட்காது. படையல் காட்சிக்கு ஜன்னலைச் சாத்துங்கள்; குரங்கு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனால் மறுபடி கடைக்கு ஓட வேண்டும். எழுதி முடித்ததும் சொத்து விவகாரம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் கதையைக் காட்டிவிடுங்கள். அப்புறம், வாசல் சண்டையைப் படம் பிடிக்கும் முன் அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள். இல்லையென்றால் நிஜச் சண்டை என்று நினைத்துச் சமாதானம் பண்ண வந்துவிடுவார்கள்.