பியூனிடிவ்: எங்கே பொருந்தும், எங்கே இடிக்கும்

'பியூனிடிவ்' (punitive) என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே போடலாம் என்று பார்ப்போம். முதலில் உச்சரிப்பு. 'பனிஷ்' என்கிறோமே என்று இதையும் 'பனிடிவ்' என்றால் தப்பு. 'பியூ'வில் அழுத்தி, 'பியூனிடிவ்' என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவைதான், ஒலி மட்டும் வேறு.

பொருள், 'தண்டிக்கும் நோக்கமுள்ள'. நோக்கம்தான் இதற்கு உயிர். பக்கத்து வயல்காரர் மாடு உங்கள் சம்பா நாற்றங்காலை மேய்ந்துவிட்டது என்று வையுங்கள். விதைநெல், உழவு, ஆள்கூலி சேர்த்து 4,000 ரூபாய் போச்சு. அதைக் கேட்டு வாங்கினால் ஈட்டுத்தொகை, ஆங்கிலத்தில் 'காம்பன்சேட்டரி'. 'இனிமேல் மாட்டை அவிழ்த்துவிடாதே' என்று மேற்கொண்டு 2,000 போட்டால் அந்த 2,000 மட்டும்தான் பியூனிடிவ். கோர்ட் தீர்ப்புகளில் வரும் 'பியூனிடிவ் டேமேஜஸ்' இதே கணக்கு.

அதிகம் வழுக்குகிற இடம் 'பனிஷபிள்', அதாவது 'தண்டனைக்குரிய'. அது குற்றத்தோடு ஒட்டும். பியூனிடிவ், தண்டனையோடு ஒட்டும். 1930-இல் வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை போனவர்களுக்குச் சோறு போட்டால் ஆறு மாதச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். சோறு போட்டது பனிஷபிள். போட்டவரை உள்ளே தள்ளியது பியூனிடிவ். இன்றும் குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 326-ஆம் பிரிவில், பாசனத் தண்ணீர் குறையும்படி நாசம் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வாய்க்காலை உடைப்பதை 'பியூனிடிவ் ஆக்ட்' என்று எழுதினால், உடைத்தவர் யாரையோ தண்டிக்க உடைத்தார் என்று அர்த்தம் மாறிவிடும்.

தாங்க முடியாத வரியையும் 'பியூனிடிவ் டேக்ஸ்' என்பார்கள். அங்கே குற்றவாளி எவரும் இல்லை. கனம் தண்டனை போல இருக்கிறது, அவ்வளவுதான். ஆளை வாட்டும் சித்திரை வெயிலுக்கு 'பனிஷிங்' போதும்.

'பீனல்' என்பது சட்டமோ ஒப்பந்தமோ முன்பே வகுத்துவைத்த தண்டனையைக் குறிக்கும் சொல். நகைக்கடன் தவணை தப்பினால் முன்பு விழுந்த அபராத வட்டி 'பீனல் இன்ட்ரஸ்ட்'. 2024 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் புதுக் கடன்களில் அதை வட்டியாகப் போடாமல் 'பீனல் சார்ஜஸ்' என்று தனிக் கட்டணமாகத்தான் வாங்கலாம். அதன்மேல் வட்டி ஏறக்கூடாது. வங்கிக்கு எழுதும் மனுவில் விளக்கம் மட்டும் கேட்பதென்றால் 'பீனல்' என்றே எழுதுங்கள். 'பியூனிடிவ்' என்று எழுதினால், வேண்டுமென்றே தண்டிக்கிறீர்கள் என்ற குற்றச்சாட்டாகத்தான் மேனேஜர் வாசிப்பார்.